சிவாஜியைச் சினிமாவுக்குக் கொடுத்தது நம்ம வேலூர்தானா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

கொசப்பேட்டை ரவி:

வணக்கம். வீட்டுப் பஞ்சாயத்து ஒன்று, தீர்ப்புக்காக இங்கே கொண்டு வந்திருக்கிறேன். எங்கள் ஆயாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. டிவியில் சிவாஜி படம் ஓடினால் ரிமோட் அவர் மடியில்தான் இருக்கும், கரண்ட் போனால்தான் மற்றவர்களுக்குக் கிடைக்கும். போன ஞாயிற்றுக்கிழமை பத்தாவது படிக்கிற என் பையன் சும்மா இருக்காமல், "பக்கத்தில்தானே ஆள் நிற்கிறார், எதுக்கு இவர் இந்தக் கத்து கத்துகிறார்" என்று கேட்டுவிட்டான். ஆயாவுக்கு வந்ததே கோபம். "இந்த வேலூர் இல்லையென்றால் அந்த மகராசன் சினிமாவுக்கே வந்திருக்க மாட்டார்டா, பொங்கல் தவறாமல் இங்கே முதலியார் வீட்டுக்கு வந்து கும்பிட்டுவிட்டுப் போவார், உங்களுக்கு என்ன தெரியும்" என்று ஆரம்பித்தவர் ராத்திரி சாப்பாடு வரைக்கும் நிறுத்தவில்லை.

எனக்கு நிஜமாகவே தெரியாது. சிவாஜி தஞ்சாவூர்ப் பக்கத்து ஆள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். நான் ரஜினி படம் பார்த்து வளர்ந்தவன், படையப்பாவில் அப்பாவாக வருவாரே, அந்த சிவாஜிதான் எனக்குப் பழக்கம். எந்த முதலியார், அவருக்கும் சிவாஜிக்கும் என்ன சம்பந்தம், இதெல்லாம் நடந்த கதையா, இல்லை ஊர்ப் பெருமைக்குச் சொல்வதா? அப்புறம் இன்னொன்று. நானும் அவர் படம் இரண்டு மூன்று முயற்சி செய்தேன், பாதியில் அணைத்துவிட்டேன், ஆயாவிடம் சொல்லவில்லை. பையன் கேட்ட கேள்வி எனக்கும் இருக்கிறது. எதில் ஆரம்பித்தால் பிடிக்கும்?

பழைய படப்பெட்டி (சத்துவாச்சாரி):

ரவி தம்பி, உங்கள் ஆயா சொன்னதில் ஒரு எழுத்தும் தப்பில்லை. நான் ஒரு காலத்தில் விநியோகஸ்தர் ஒருவரிடம் ரெப்பாக இருந்தவன். ரெப் என்றால் படப்பெட்டியோடு தியேட்டருக்குப் போய், டிக்கெட் கணக்கு பார்த்து, கலெக்‌ஷனை எழுதிக்கொண்டு வருகிற வேலை. வடஆற்காடு, தென்னாற்காடு, செங்கல்பட்டு மூன்றையும் சேர்த்து என்.எஸ்.சி. ஏரியா என்போம், குடியாத்தத்தில் இருந்து கடலூர் வரைக்கும் பஸ்ஸிலேயே வாழ்க்கை போனது. எனக்கு முந்தின தலைமுறை ஆட்கள் பெருமாள் முதலியார் பேச்சை எடுத்தால் ஒரு மரியாதையோடுதான் பேசுவார்கள்.

பி.ஏ.பெருமாள் முதலியார். வேலூர்க்காரர், பட விநியோகம் செய்தவர், நேஷனல் பிக்சர்ஸ் அவருடைய கம்பெனி. அந்த நாளில் சக்தி நாடக சபா என்று ஒரு குழு ஊர் ஊராகப் போய் நாடகம் போட்டுக்கொண்டிருந்தது, சக்தி கிருஷ்ணசாமி நடத்தியது. அவர்கள் வேலூரில் முகாம் போட்டிருந்தபோது நூர்ஜஹான் நாடகத்தில் நூர்ஜஹானாக நடித்தது யார் தெரியுமா? வி.சி.கணேசன் என்கிற ஒல்லிப் பையன். ஆமாம், பெண் வேஷம். அதைப் பார்த்துத்தான் பெருமாள் முதலியார் மனதுக்குள் முடிவு செய்துவிட்டார். ராணி வேஷத்தில் பார்த்த ஒருவனை, ரங்கூனில் இருந்து வந்து பட்டணத்தில் பணத்தைப் பறிகொடுத்து அலைகிற ஆண்பிள்ளை வேஷத்துக்குத் தேர்ந்தெடுக்க என்ன கண் வேண்டும் என்று நான் பல தடவை யோசித்ததுண்டு.

அந்தப் படம்தான் பராசக்தி. பாவலர் பாலசுந்தரம் எழுதிய நாடகம், உரிமையை முதலியார் வாங்கினார், ஏவி.எம். பங்கு சேர்ந்தது, கிருஷ்ணன் பஞ்சு டைரக்‌ஷன், கலைஞர் வசனம். கணேசனைத் திருச்சியில் இருந்து விமானத்தில் வரவழைத்து மேக்கப் டெஸ்ட் எடுத்தார்கள், சம்பளம் மாதம் 250 ரூபாய். ஆனால் ஸ்டுடியோவில் யாருக்கும் திருப்தி இல்லை. ஆள் ஒல்லி, முகம் எடுபடவில்லை, வாய் பெரிதாகத் தெரிகிறது என்று ஆளாளுக்கு ஒன்று. மெய்யப்ப செட்டியார் அப்போது பெயர் பெற்றிருந்த கே.ஆர்.ராமசாமியைப் போடலாம் என்றார். அதில் தப்பு சொல்ல முடியாது, பணம் போடுகிறவர் ஓடுகிற குதிரையைத்தான் கேட்பார். முதலியார் அசையவில்லை. இந்தப் பையன்தான், இவன் இல்லாமல் படம் இல்லை என்று நின்றார். கொஞ்ச தூரம் எடுத்துப் போட்டுப் பார்த்த பிறகு செட்டியாருக்கே நம்பிக்கை வந்தது. அதற்குள் பையனுக்கு உடம்பும் தேறிவிட்டது, ஒல்லியாக இருந்தபோது எடுத்த சில காட்சிகளைத் திரும்ப எடுத்தார்கள் என்று சொல்வார்கள். 1952 அக்டோபர் 17, தீபாவளி அன்று படம் வந்தது. மிச்சம் எல்லோருக்கும் தெரியும்.

நடிகர் உலகத்தில் ஏணியை மறப்பது சகஜம். இவர் மறக்கவில்லை. புகழ் உச்சியில் இருந்த காலத்திலும் பொங்கலுக்கு வேலூர் வந்து முதலியாருக்குப் புதுத்துணி, பழத்தட்டு எல்லாம் வைத்து ஆசி வாங்கிக்கொண்டு போவார். அவர் காலத்துக்குப் பிறகு பிரபு வீட்டாரும் அந்த வழக்கத்தை விடவில்லை.

இன்னொன்று, சிவாஜியைப் பற்றிப் பேசுகிற பலருக்கே தெரியாது. எம்.ஆர்.ராதாவின் ரத்தக்கண்ணீர் படம் இருக்கிறதே, 1954-இல் வந்தது, அதை எடுத்ததும் இதே பெருமாள் முதலியார்தான், டைரக்டர்களும் அதே கிருஷ்ணன் பஞ்சு. இரண்டு வருஷத்துக்குள் இப்படி இரண்டு படம் ஒரே ஆளிடம் இருந்து. அவர் பெயரில் நம் ஊரில் ஒரு தெருவாவது வைத்திருக்கலாம் என்பது என் கட்சி.

தஞ்சாவூர் என்றீர்கள். பூர்வீகம் சூரக்கோட்டை, அது தஞ்சாவூர்ப் பக்கம்தான். பிறந்தது விழுப்புரம், 1928 அக்டோபர் 1. அப்பா சின்னையா மன்றாயர் ரயில்வே ஊழியர், சுதந்திரப் போராட்டத்தில் ஜெயிலுக்குப் போனவர். வளர்ந்தது திருச்சி சங்கிலியாண்டபுரம். பள்ளிக்கூடம் பெரிதாக ஏறவில்லை, சின்ன வயசிலேயே பாய்ஸ் கம்பெனியில் சேர்ந்துவிட்டார். அங்கே கட்டிய முதல் வேஷமே சீதை. அதனால் நூர்ஜஹான் அவருக்குப் புதுசு இல்லை.

வாத்தியார் ரசிகன் (காட்பாடி):

எல்லாம் சரி ஐயா, நல்ல தகவல். ஆனால் ஒன்றை விட்டுவிட்டீர்கள். கணேசனுக்குச் சிவாஜி என்று பெயர் வந்ததே எங்கள் வாத்தியார் வேண்டாம் என்று விட்ட வேஷத்தில்தான். அண்ணா எழுதிய நாடகம், வீர சிவாஜி கதை. அந்த வேஷம் முதலில் எம்.ஜி.ஆருக்குத்தான் போனது. அவர் நடிக்கவில்லை, கணேசன் நடித்தார், பெரியார் பார்த்துவிட்டு இனிமேல் நீ சிவாஜி கணேசன் என்றார். ஆக எங்கள் ஆளும் இந்தப் புண்ணியத்தில் பங்குதாரர். ரவி, பையன் சொன்னதில் நியாயம் இருக்கிறது, அவனை என் பக்கம் அனுப்பி வையுங்கள், நல்ல சண்டைப் படமாகச் சொல்லித் தருகிறேன்.

பழைய படப்பெட்டி (சத்துவாச்சாரி):

காட்பாடியாரே, இரண்டு பேரும் சேர்ந்து நடித்த கூண்டுக்கிளி ஞாபகம் இருக்கிறதா? 1954. அதில் யார் நல்லவன், யார் கெட்டவன்? நம் ஆள் பயப்படாமல் கெட்டவன் வேஷத்தை எடுத்துக்கொண்டார். வாத்தியார் எந்தக் காலத்திலாவது அதற்குச் சம்மதித்திருப்பாரா? நான் அவ்வளவுதான் சொல்வேன், மேற்கொண்டு பேசினால் தியேட்டர் வாசலில் போஸ்டருக்குச் சாணி அடித்த காலம் திரும்பி வந்துவிடும்.

ஆரணி அகிலா:

பையன் கேட்ட கேள்விக்கு யாரும் நேராகப் பதில் சொல்லவில்லை, அதனால் நான் சொல்கிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் ஆரணிக்குப் பக்கத்துக் கிராமம். சின்ன வயசில் எங்கள் ஊர் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் பகலில் பாரதப் பிரசங்கம், ராத்திரி முழுக்கக் கூத்து. கட்டைக்கூத்து பார்த்திருக்கிறீர்களா? தலையில் கிரீடம், தோளில் புஜக்கட்டை, முகத்தில் அரிதாரம், இதையெல்லாம் சுமந்துகொண்டு ஒருவர் திரைக்குப் பின்னால் இருந்து பாடிக்கொண்டே வெளியே வருவார், கிறுகிறுவென்று சுற்றி அடவு போடுவார், விடிய விடிய மைக் இல்லாமல் அவர் குரல் கடைசியில் பாய் விரித்துப் படுத்திருக்கிற கிழவிக்கும் கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் அவர் துரியோதனன் இல்லை, வேஷம் கட்டிய ஆள், அவ்வளவுதான். அந்த மேடையில் இருந்து வந்த கலையில் முகம் சின்னதாக அசைந்தால் யாருக்கும் தெரியாது. புருவமும் கையும் குரலும் பெரிசாக வேண்டும்.

சிவாஜி கூத்துக்காரர் இல்லை, கம்பெனி நாடகத்துக்காரர். இரண்டும் வேறு என்று எனக்குத் தெரியும், சண்டைக்கு வராதீர்கள். ஆனால் குரலை எங்கே எறிய வேண்டும் என்கிற பயிற்சி இரண்டிலும் ஒன்றுதான். படம் பார்த்தவர்களும் அதே ஜனங்கள்தான். கொட்டகையில் தரை டிக்கெட்டில் மணலைக் குவித்து அதன் மேல் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு அந்தக் குரல் கத்தலாகக் கேட்கவில்லை. இப்போது வீட்டு ஹாலில் ஆறடி தூரத்தில், அதுவும் ஆயா காதுக்காகச் சவுண்டை ஏற்றி வைத்துக் கேட்டால் பையனுக்குக் கத்தலாகத்தான் இருக்கும், அவன் மேல் தப்பில்லை.

கர்ணன் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பி.ஆர்.பந்துலு எடுத்தது, 1964. நம் பக்கத்தில் சாவு வீட்டில் கருமாதிக்குக் கர்ண மோட்சம் கூத்து வைப்பது வழக்கம், உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். அதில் கர்ணன் பொண்டாட்டி பொன்னுருவி, தேரோட்டி மகன் என்று அவனை மதிக்க மாட்டாள், போருக்குப் போகும் முன்னால் அவளிடம் அவன் படும் பாடுதான் கூத்தின் உயிர். படத்தில் அந்தப் பொன்னுருவி கிடையாது, தேவிகா சுபாங்கியாக வருகிறார், அன்பான மனைவி. எனக்கு அந்த விஷயத்தில் கூத்துதான் உசத்தி. ஆனால் கடைசியில் அம்பு பட்டுக் கிடக்கும்போது கண்ணன் வந்து தருமத்தையெல்லாம் தானமாகக் கேட்கிற இடம் வருகிறதே, என்.டி.ஆர். கண்ணன், அங்கே சிவாஜி என்ன செய்கிறார் என்று கவனியுங்கள். உடம்பு முழுக்க அடங்கிவிடுகிறது. தேரில் சாய்ந்து கிடக்கிற மனிதனுக்கு முகமும் குரலும் மட்டும்தான் மிச்சம், அந்தக் குரலும் கம்மிப்போகிறது. முன்னால் சபையில் எறிந்த குரலும் இந்தக் குரலும் ஒரே ஆளுடையதா என்று இருக்கும். எங்கே குறைக்க வேண்டும் என்று தெரிந்தவர்தான் எங்கே கூட்டலாம் என்று முடிவு செய்திருக்கிறார்.

படப்பெட்டி ஐயா சக்தி கிருஷ்ணசாமி பெயரைச் சொன்னார். கர்ணனுக்கு வசனம் அவர்தான், வீரபாண்டிய கட்டபொம்மனுக்கும் அவர்தான். வேலூரில் நூர்ஜஹான் வேஷம் கட்ட வைத்த அதே மனுஷன், பிற்பாடு இந்த வசனங்களை அந்தக் குரலுக்கென்றே அளவெடுத்து எழுதியிருக்கிறார்! அந்தக் குரல் எவ்வளவு தூரம் போகும், எந்த இடத்தில் மூச்சு வாங்கும் என்று பக்கத்தில் இருந்து பார்த்தவர் அல்லவா.

கூத்தை அவர் நேராகத் தொட்டதும் உண்டு. நவராத்திரி, அவருடைய 100-வது படம், 1964-இல் ஏ.பி.நாகராஜன் எடுத்தது, ஒன்பது வேஷம். அதில் ஒரு வேஷத்தில் அவரும் சாவித்திரியும் சத்தியவான் சாவித்திரி தெருக்கூத்து ஆடுவார்கள். எங்கள் பெரியப்பா வேஷம் கட்டுகிறவர், சினிமாக்காரர்களை லேசில் ஒப்புக்கொள்ள மாட்டார். அந்தக் காட்சிக்கு மட்டும் "பரவாயில்லை, கற்றுக்கொண்டு வந்து ஆடியிருக்கான்" என்றார். அவரிடம் அது பெரிய சான்றிதழ்.

கொசப்பேட்டை ரவி:

அகிலா அக்கா, படப்பெட்டி ஐயா, ரொம்ப நன்றி. பெருமாள் முதலியார் விஷயத்தை ஆயாவுக்குப் படித்துக் காட்டினேன். "நான் சொன்னப்போ நம்பலை, போனில் வந்தால் நம்புறியா" என்று அதற்கும் திட்டு.

இன்னும் இரண்டு சந்தேகம். இவ்வளவு பெரிய நடிகருக்குத் தேசிய விருது கிடைக்கவே இல்லை என்று எங்கேயோ பார்த்தேன், நிஜமா? அப்புறம் சினிமாவில் நின்றவர்கள் எல்லோரும் அரசியலில் ஜெயித்த ஊரில் இவர் மட்டும் ஏன் தோற்றார்?

குடியாத்தம் சாந்தி:

ரவி, சிறந்த நடிகருக்கான தேசிய விருது அவருக்குக் கிடைக்கவில்லை என்பது நிஜம். தமிழில் முதலில் அதை வாங்கியவர் எம்.ஜி.ஆர்., ரிக்‌ஷாக்காரன் படத்துக்கு. (காட்பாடியார் இதைப் படித்துவிட்டு விசில் அடிக்கலாம்.) கடைசிக் காலத்தில் தேவர் மகனுக்கு நடுவர் குழுவின் சிறப்பு விருது என்று அறிவித்தார்கள். வெளிநாட்டில்தான் முதல் மரியாதை. கட்டபொம்மன் படத்துக்கு 1960-இல் கெய்ரோவில் நடந்த ஆசிய ஆப்பிரிக்கப் பட விழாவில் சிறந்த நடிகர். 1962-இல் அமெரிக்க அரசு அழைத்துப் போனபோது நயாகரா நகரத்துக்கு ஒரு நாள் மேயர் ஆக்கினார்கள். 1995-இல் பிரெஞ்சு அரசின் செவாலியர். இங்கே பத்மஸ்ரீ 1966, பத்ம பூஷண் 1984, தாதாசாகேப் பால்கே விருது எழுபதை நெருங்கும்போது. 1969-இல் வந்த தெய்வ மகன் ஆஸ்கருக்கு இந்தியாவில் இருந்து போனது, அப்பாவும் இரண்டு மகன்களுமாக மூன்று வேஷம். இதையெல்லாம் வரிசையாகச் சொன்னால் பெருமையாக இருக்கும், ஆனால் விருதை வைத்து அவரை அளப்பது எனக்கு ஒப்பாது, அதனால் இதோடு விடுகிறேன்.

அரசியல்தான் சுவாரசியம். ஆரம்பத்தில் அவர் திராவிட இயக்கத்து ஆள். சிவாஜி பட்டமே பெரியார் கொடுத்தது, பராசக்தி முழுக்க அந்த இயக்கத்தின் பேச்சு. அப்புறம் ஒருமுறை திருப்பதிக்குப் போய்ச் சாமி கும்பிட்டார். நமக்குத் திருப்பதி என்றால் காலையில் போய் ராத்திரி வீடு திரும்புகிற தூரம், அவருக்கு அது கட்சியை விட்டே தூரமாகப் போகிற பயணமாக ஆகிவிட்டது. "திருப்பதி கணேசா, திரும்பிப் பார்" என்று சுவரெல்லாம் எழுதினார்கள். திரும்பிப் பார் அவர் நடித்த படம்தான், 1953. மனிதர் நொந்துபோனார், கொஞ்ச நாளில் காமராஜர் பக்கம் வந்தார், கடைசி வரைக்கும் காமராஜரை விட்டுக்கொடுக்கவில்லை.

எங்கள் ஊரில் இதற்குத் தனி மதிப்பு. காமராஜர் 1954-இல் முதலமைச்சர் ஆன கையோடு சட்டசபைக்கு நின்று ஜெயித்த இடைத்தேர்தல் தொகுதி குடியாத்தம். எங்கள் நைனா தறிக்காரர், லுங்கி நெசவு. அவர் வீட்டில் இரண்டே படம் மாட்டியிருப்பார், ஒன்று காமராஜர், இன்னொன்று கப்பலோட்டிய தமிழன் வேஷத்தில் சிவாஜி. அந்தப் படம் 1961-இல் வந்தபோது சரியாக ஓடவில்லை என்பது நைனாவுக்கு ஆயுசு பூராவும் மனக்குறை. கட்டபொம்மனைத் தூக்கில் போட்ட கயத்தாறில் சொந்தச் செலவில் இடம் வாங்கிச் சிலை வைத்தவரும் சிவாஜிதான். இவ்வளவு செய்தும் அவர் செய்த உதவிகள் பெரிதாக வெளியே தெரியவில்லை. அவருக்கு அதை விளம்பரம் ஆக்கத் தெரியவில்லை என்பது என் எண்ணம். எம்.ஜி.ஆர். திரையில் செய்ததும் வெளியில் செய்ததும் ஒரே கணக்கில் வரவு வைக்கப்பட்டது. இவர் திரையில் குடிகாரனாக வருவார், துரோகியாக வருவார், பொண்டாட்டியைச் சந்தேகப்படுகிறவனாக வருவார், அழுவார், தோற்பார், சாவார். நடிகனுக்கு அது பலம். ஓட்டுக் கேட்கிறவனுக்கு அது ஆகாது. தன்னைக் காப்பாற்றுவான் என்று நினைக்கிற ஆளுக்குத்தான் ஜனங்கள் ஓட்டுப் போடுவார்கள், தன்னைப் போலவே அழுகிறவனுக்குக் கண்ணீர் மட்டும்தான் விடுவார்கள்.

1982-இல் ராஜ்யசபா எம்.பி. ஆக்கினார்கள். எம்.ஜி.ஆர். இறந்த பிறகு காங்கிரஸ் ஜானகி அம்மாளை ஆதரிக்கவில்லை என்று கோபித்துக்கொண்டு வெளியே வந்து தமிழக முன்னேற்ற முன்னணி என்று சொந்தக் கட்சி ஆரம்பித்தார். யோசித்துப் பாருங்கள், வாழ்நாள் பூராவும் யாரோடு போட்டி என்று ரசிகர்கள் அடித்துக்கொண்டார்களோ, அவர் மனைவிக்காகத் தன் கட்சியை விட்டு வந்தவர். 1989 தேர்தலில் ஜானகி அணியோடு கூட்டு, திருவையாற்றில் நின்று தி.மு.க.விடம் தோற்றார். கட்சியும் கொஞ்ச நாளில் ஜனதா தளத்தில் கரைந்தது. நைனா அன்றைக்குத் தறியில் உட்காரவே இல்லை.

வாத்தியார் ரசிகன் (காட்பாடி):

சாந்தி அம்மா, விசில் அடித்துவிட்டேன். ஆனால் அந்த ஜானகி அம்மா விஷயத்தில் அவர் மேல் எங்கள் ஆட்களுக்கு மரியாதை உண்டு, அதை மறைக்க மாட்டேன். எங்கள் தெருவில் அந்த எலெக்‌ஷனில் இரட்டை இலை முடங்கிப்போய், இரட்டைப் புறாவும் சேவலும் என்று இரண்டு சின்னமாக நின்று, அப்பா ஒரு பக்கம் மகன் ஒரு பக்கம் என்று வீட்டுக்குள்ளேயே பேச்சு வார்த்தை இல்லாமல் போனது. அதில் அவர் வந்து மாட்டிக்கொண்டது நேரக்கொடுமை.

பழைய படப்பெட்டி (சத்துவாச்சாரி):

ரவி தம்பி முதலில் கேட்டதில் ஒன்று பாக்கி இருக்கிறது, எதில் ஆரம்பிப்பது. சிவாஜி ரசிகர்கள் வழக்கமாகச் செய்கிற தப்பு, புதுசாக வருகிறவனை நேராகக் கட்டபொம்மனுக்குக் கொண்டுபோய் நிறுத்துவது. பழக்கம் இல்லாதவன் மிரண்டு ஓடிவிடுவான். நான் சொல்கிற வரிசையில் பாருங்கள்.

முதலில் அந்த நாள். 1954, எஸ்.பாலசந்தர் டைரக்‌ஷன், வீணை பாலசந்தர்தான். படத்தில் ஒரு பாட்டு கிடையாது. சென்னையில் ஜப்பான் குண்டு விழுமோ என்று பயந்த காலத்தில் ஒரு ரேடியோ என்ஜினியர் சுட்டுக் கொல்லப்படுகிறான், யார் கொன்றார்கள் என்று ஒவ்வொருவராகச் சொல்லும் கதை. கொல்லப்படுகிறவர்தான் ஹீரோ, அவரே தேசத்துரோகி. பராசக்தி வந்து இரண்டு வருஷம்கூட ஆகாத நேரத்தில் அதில் நடித்திருக்கிறார். உங்கள் பையன் கத்தல் என்று சொல்ல ஒரு இடமும் இருக்காது. படம் வந்தபோது பாட்டு இல்லை என்று ஜனங்கள் தியேட்டரில் கலாட்டா செய்தார்கள் என்று மூத்த ரெப்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

அப்புறம் தில்லானா மோகனாம்பாள், 1968. நாதஸ்வரம் ஊதியது மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். சிவாஜி ஊதவில்லை. ஆனால் விரலையும் கன்னத்தையும் கழுத்து நரம்பையும் பாருங்கள். நம் ஜலகண்டேஸ்வரர் கோயிலில் வாசிக்கும் வித்வான் ஒருவரோடு அந்தப் படத்தைப் பற்றிப் பேசியபோது, வாசிக்கிறவன் மூச்சு எடுக்கும் இடத்தில் அவரும் எடுக்கிறார் என்றார். பாலையா தவிலோடு பக்கத்தில் உட்கார்ந்து செய்கிற சேட்டை தனி.

மூன்றாவது முதல் மரியாதை, 1985, பாரதிராஜா. ஐம்பத்தாறு, ஐம்பத்தேழு வயசில் இப்படி ஒரு நடிப்பு, பாதி நேரம் பேசாமலே. இதற்குப் பிறகு கௌரவம் பாருங்கள், 1973, பைப்பும் கையுமாக பாரிஸ்டர் ரஜினிகாந்த். அந்தப் பெயர் ரஜினி ரசிகரான உங்களுக்கு வேடிக்கையாக இருக்கும். இவ்வளவும் பார்த்த பிறகு கர்ணன், கட்டபொம்மன், திருவிளையாடல் எல்லாம் தானாக உள்ளே வரும். கர்ணனை 2012-இல் டிஜிட்டல் செய்து விட்டார்கள், புதுப்படம் மாதிரி ஓடியது, அந்தப் பிரதியாகப் பார்த்துப் பார்க்கவும்.

உண்மையையும் சொல்லிவிடுகிறேன். எல்லாம் தங்கம் இல்லை. திரிசூலம் 200-வது படம், 1979, மூன்று வேஷம், வசூலில் நான் பார்த்த பெரிய கணக்குகளில் ஒன்று, கலெக்‌ஷன் எழுதிக் கை வலித்தது. ஆனால் அந்த வெற்றிக்குப் பிறகு வருஷத்துக்கு ஆறேழு படம் என்று வந்தவற்றில் பாதியைச் சும்மாவே தாண்டிவிடலாம். சின்னப் பெண்களோடு மரத்தைச் சுற்றி ஆடவிட்டார்கள். அவரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்தப் படங்களை டிவியில் பார்த்துத்தான் உங்கள் வயசுக்காரர்கள் அவரைப் பற்றி முடிவு கட்டுகிறார்கள், அதுதான் எனக்கு வருத்தம்.

ஆரணி அகிலா:

ஐயா வரிசையில் வியட்நாம் வீட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ரிட்டயர் ஆன அப்பா, பென்ஷன், மரியாதை தராத பிள்ளைகள். பென்ஷன் வாங்குகிறவர் யார் வீட்டிலாவது இருந்தால் கைக்குட்டை பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்க்கவும்.

கொசப்பேட்டை ரவி:

நேற்று ராத்திரி அந்த நாள் போட்டோம். பையன் முழுசாகப் பார்த்தான், போனைத் தொடவில்லை. யார் சுட்டது என்று பாதியிலேயே ஆயா சொல்லிவிடுவாரோ என்று எனக்குப் பயம், நல்லவேளை அவருக்கே மறந்துபோயிருந்தது. கடைசியில் ஆயாவுக்குத்தான் கோபம், "இவரைப் போய்த் துரோகி ஆக்கிட்டானுங்களே" என்று. அடுத்த சனிக்கிழமை தில்லானா. காட்பாடி அண்ணா, பையனை உங்கள் பக்கம் அனுப்பும் யோசனையை இப்போதைக்கு ஒத்திவைத்திருக்கிறோம்.